வெப்பம் காட்டும் ஸ்கோப்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் முயல்கள் எங்கள் முட்டைக்கோஸை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. ஏர் ரைஃபிளில் மாட்டி இருட்டில் குறிபார்க்க ஒரு ஸ்கோப் வாங்கப் போனேன்.

"சூடானது வெள்ளையாத் தெரியும், குளிர்ந்தது கறுப்பா. புதர்ல ஒளிஞ்சாலும் முயல் மாட்டிக்கும்யா. வாசல்ல நின்னு பாரு" என்றான் கடைக்காரன் கிளைவ்.

ஸ்கோப்பில் தபால்காரர் வெள்ளையாகப் போனார். எதிர் பெஞ்சில் என் மனைவி தெல்மாவின் மடியில் எங்கள் நாய் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. மடி கறுப்பாக இருந்தது. அவள் முகமும்.

வேறு ஸ்கோப் கேட்டேன். அதிலும் அப்படித்தான்.

"சாதாரணதே போதும். விளக்கு கட்டிக்கிறேன்."

"உங்கப்பன் மாதிரியே விளக்கோட அலை!" என்று சிரித்தான்.

தெல்மா எழுந்து வந்து, வழக்கம்போல் என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க, உங்க கை ஏன் இப்படிக் கொதிக்குது?"