கருப்பன் ருசி பார்த்த ஆட்டம்

"எதுக்குய்யா உனக்கு இந்த வேலை? முடியாதுன்னு சொல்லிட்டு வா, வூட்டுக்குப் போலாம்."

சசிகலா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கருப்பன் கேட்டால்தானே? தன் போனை எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டான். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அவர்கள் ஊருக்கு சிக்னல் நன்றாகக் கிடைப்பது அந்த ஒரு பாறையில்தான்.

கீழே பதினாறு வீட்டு ஆட்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் புளி விற்ற பணம். போளூர் வியாபாரி முந்தாநாள்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வினையைக் கொண்டுவந்தவன் அதே ஊர்ப் பையன் ரமேஷ். அவன் போனில் ஒரு பழம் சுற்றும் ஆட்டம் வந்திருந்தது. மூன்று பழம் ஒரே மாதிரி நின்றால் போட்ட பணம் பத்து மடங்காகத் திரும்புமாம். அது அலுத்துப்போனால் நம்பர் அடிக்கிற பிங்கோவும் உண்டாம்.

"இதெல்லாம் தடை பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்களேப்பா?" என்று ஒருவர் கேட்டதற்கு, ரமேஷிடம் பதில் தயாராக இருந்தது.

"அது நம்ம ஊரு ஆட்டத்துக்கு. இது வெளிநாடு. எத்தினி ஜனங்க அஞ்சு ஸ்டார் குடுத்து எழுதியிருக்காங்க பாருங்க! துட்ட என் கையில குடுங்க, நானே போட்டு ஆடித் தர்றேன்."

"எழுதினவன் மூஞ்ச நாம பாத்தோமா? நம்ம கருப்பன் ருசி பாக்கட்டும். அவன் நல்லதுன்னா போடலாம்" என்றாள் குப்பம்மா. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அவள் இடுப்புப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

அது அந்த ஊர் வழக்கம். மழை விட்டுக் காட்டில் முளைக்கும் காளானில் சந்தேகம் வந்தால், கருப்பன் வீட்டு ஆள்தான் முதலில் தின்ன வேண்டும். சாயங்காலம் வரை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால்தான் மற்ற வீடுகளில் குழம்பு. அவன் வேண்டாம் என்றுவிட்டால் ஊரில் ஒருத்தர் தொடமாட்டார்கள். காளானுக்கு வைத்த சட்டத்தை இந்த ஆட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள், மகா புத்திசாலிகள்!

கூரைக்குத் தகரம் வாங்க வங்கியில் போட்டிருந்த பணத்தில் இரண்டாயிரத்தை வைத்து ஆடுவதாக ஒப்புக்கொண்டு, ரமேஷைக் கொண்டு ஆட்டத்தைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டுதான் கருப்பன் மேலே போயிருந்தான்.

சசிகலா பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காளான் தின்ற நாட்களிலும் இப்படித்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அப்போதாவது அவன் ஒருவனைப் பற்றித்தான் பயம். இப்போது பதினாறு வீட்டு அடுப்பும் அந்த முகத்தில் இருந்தது.

பாறையில் கருப்பன் குனிந்தவன் நிமிரவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. ஒருமுறை தானாகச் சிரித்தான். கட்டிய இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"யோவ்! போதும், எறங்கி வாய்யா!" என்று கத்தினாள்.

அவன் காதில் விழவே இல்லை.

"அக்கா, சும்மா இரு. மாமா அள்ளுறாருன்னு நெனைக்கிறேன்" என்றான் ரமேஷ். குப்பம்மாவின் கை பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது.

ஒருவழியாகக் கருப்பன் இறங்கி வந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"போச்சு. ரெண்டாயிரமும் போச்சு. யாரும் இதத் தொடாதீங்க."

அப்புறம் சிரிப்பு வெடித்தது. கூரை போயிற்று, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு தூங்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குப்பம்மா முடிச்சை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"மாமாவுக்கு ஆடத் தெரியல" என்று ரமேஷ் முணுமுணுத்தான். ஆனால் ருசி பார்த்தவன் வேண்டாம் என்ற பிறகு ரமேஷின் பேச்சை யார் கேட்பார்கள்?

சசிகலாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கருப்பன் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். நாலு அடி வைத்துப் பாறையைத் தாண்டுவதற்குள் போன் சிணுங்கியது. வங்கியிலிருந்து வந்த செய்தி. எழுத்து புரியாவிட்டாலும் எண் புரிந்தது. இருப்பதும் போய்விட்டதோ என்று பதறிப்போய்ப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

பதினெட்டாயிரம் ஏறியிருந்தது.

"இன்னாய்யா இது? கெலிச்சிருக்கியா?" சட்டென்று திரும்பி நின்றாள். "அப்புறம் ஏன்யா போச்சுன்னு பொய் சொன்ன? ஊரே பல்லக் காட்டிச் சிரிச்சுதே!"

"மெதுவாப் பேசு." கருப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "கெலிச்சேன்னு சொல்லியிருந்தா இந்நேரம் குப்பம்மா பை காலியாயிருக்கும். அரை மணி நேரத்துல இவ்ளோ குடுக்குறவன் சும்மாவா குடுப்பான்? ரெண்டு நாள்ல பதினாறு வூட்டையும் வழிச்சி எடுத்துடுவான்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்ல வேளை. நீயாவது தப்பிச்சியே" என்று போனை அவனிடம் நீட்டினாள்.

கருப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்கிட்ட குடுக்காத சசி. இன்னும் ஒரே தபான்னு கை நமநமங்குது. எனக்கே பயமா இருக்கு."