மயக்கம் தெளிவதற்குள்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் குளிர்பெட்டிக்குள் பயறளவு சதைத்துண்டு உறைந்து, கத்திக்கு எதிரே வெளுத்து நிற்கிறது. மாடியில், அறுவை மேசையில் ஒரு பெண் மயக்கத்தில் கிடக்கிறாள். கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, மார்பையே எடுத்தாக வேண்டுமா என்று, கட்டியின் ஓரத்திலிருந்து வெட்டிய இந்தத் துண்டுதான் சொல்ல வேண்டும். அதைச் சீவுகிறவள் மனைவி. சாயமேற்றக் காத்து நிற்பவர் அவள் கணவர். முதல் சீவல் சுருண்டுவிட, அவர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். "முறுக்கிக்கிச்சா? உன்னை மாதிரியே." "உங்க மூச்சு பட்டுத்தான் சுருண்டுச்சு. தள்ளி நில்லுங்க." அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போகிறார். சிரித்தால் கை ஆடிவிடும் என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டியின் கைச்சக்கரத்தைச் சுற்றுகிறாள். வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடு ஒன்று கத்தியின் மேல் இறங்குகிறது. தூரிகை நுனியால் அதன் ஓரத்தை அமர்த்தி, ஸ்லைடைக் கிட்டே கொண்டுபோகிறாள். கண்ணாடியின் வெதுவெதுப்புக்கு ஏடு தானே தாவி ஒட்டிக்கொள்கிறது, ஒரு சுருக்கமில்லாமல். அவர் அதை வாங்கிச் சாயத்தில் முக்கி எடுத்து, பக்கத்து மேசையில் காத்திருக்கும் டாக்டரிடம் தருகிறார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்த டாக்டர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு மாடிக்குப் போன் போடுகிறார். "ஓரம் சுத்தமா இருக்கு. மார்பை எடுக்க வேணாம், தைச்சிடுங்க." கையுறையைக் கழற்றியபடி அவள் மெல்லச் சொல்கிறாள்: "கண்ணு முழிச்சதும் அந்தப் பொண்ணு முதல்ல தொட்டுத்தான் பாக்கும், பாவம்." "பாக்கட்டுமே," என்கிறார் அவர். "இருக்கும்."