நீலமாகாத பேட்ஜ்

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு கலை! உங்கம்மா வெயில்ல நிக்கவேயில்ல. அவ்ளோதான்!"

ஜாஹ்னவி அந்த பேட்ஜை மேஜை மேல் விசிறிப் போட்டாள். டீம் லீடர். மூக்குக்கு மேல் கோபம்.

ஏனாத்தூர் கல்லூரி லேப். மேஜையில் தபால்தலை அளவில் வரிசையாக பேட்ஜுகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் பாக்டீரியா. வெயில் பட்டால் நீலமாக மாறும்படி இந்த மாணவர்களே மரபணுவைத் திருத்தி வளர்த்தது. வெளியே கசியாமல் பிளாஸ்டிக்கில் அடைத்திருந்தார்கள். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு, 'போதும், நிழலுக்குப் போ' என்று சொல்லப்போகிற பேட்ஜாம்!

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறை. அங்கே நூல் அலசும் பெண்கள் காலையிலிருந்து இந்த பேட்ஜைக் குத்தியிருந்தார்கள். எல்லாம் நீலம். கலைவாணியின் அம்மா தையல்நாயகி குத்தியிருந்தது மட்டும் பால் வெள்ளை.

"அம்மா வெயில்லதான் நூல் அலசிக்கினு இருந்தாங்க. நானே தோள்ல குத்திவுட்டு, பாத்துட்டுத்தான் காலேஜுக்கு வந்தேன்" என்றாள் கலைவாணி.

"அப்புறம்?"

"மத்தியானம் வாங்கப் போனேன். அம்மா இல்ல. சீக்கிரமே வீட்டுக்குப் போயிட்டாங்களாம். பேட்ஜை கூட வேலை செய்யற பட்டம்மா அக்காகிட்ட குடுத்துட்டு."

"பாத்தியா ஸுதர்சன்? குத்தின கையோட வீட்டுக்குப் போய் ஃபேனுக்கு அடியில படுத்தாச்சு!"

ஸுதர்சன் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். கடிக்க நகம் பாக்கியில்லை.

"சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட் போகலேன்னா அமெரிக்கா போட்டி கோவிந்தா. பேசாம அதை ஜன்னல் வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சுடலாமா? தானா நீலமாயிடும்."

"அது ஏமாத்துப்பா. நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் கலைவாணி.

"அடடா, அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு!" ஜாஹ்னவி வெள்ளை பேட்ஜைப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டினாள். "கிளம்பு. உங்கம்மாவையே கேட்டுடலாம். பொய்னு தெரிஞ்சுது, டீம்ல நீ இல்ல. சொல்லிட்டேன்."

அந்த பாக்டீரியாவைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்தவள் கலைவாணிதான். ராத்திரி எழுந்து எழுந்து வந்து பார்த்தவளும் அவள்தான்.

ஷேர் ஆட்டோவில் ஜாஹ்னவி செல்போனை எடுத்து எடுத்து மணி பார்த்தாள்.

வீட்டில் தையல்நாயகி பாயில் படுத்திருந்தாள். நெற்றியில் சுக்குப் பற்று. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

'நான் சொல்லல?' என்கிற மாதிரி ஜாஹ்னவி ஸுதர்சனைப் பார்த்தாள்.

"வாம்மா பாப்பா, வா தம்பி! கலை, மோர் கரைச்சுக் குடுடி, புள்ளைங்க வெயில்ல வந்திருக்குதுங்க" என்று எழுந்து உட்கார்ந்தாள் தையல்நாயகி.

"அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி. காலைல நீங்க வெயில்ல நின்னீங்களா, இல்லையா?"

"நிக்காம? பட்டறையில நூலுக்குத்தான் நிழல் கொட்டாய் போட்டிருக்குது. எங்களுக்கு ஏது?"

"அப்ப இது மட்டும் ஏன் வெள்ளையாவே இருக்கு?" ஜாஹ்னவி பையிலிருந்து பேட்ஜை எடுத்து நீட்டினாள்.

தையல்நாயகியின் முகம் மலர்ந்துவிட்டது.

"வெள்ளையாவே இருக்குதா? அப்பாடா!"

மூன்று பேரும் முழித்தார்கள்.

"நேத்து பட்டறைக்கு வந்து நீதானேமா சொன்ன? ரொம்ப கஷ்டப்பட்டு செஞ்சது, பத்திரமா பாத்துக்கோங்க, வெயில் பட்டா கலர் மாறிடும்னு. சாயம் போட்ட பட்டு நூலையே நாங்க வெயில்ல காட்ட மாட்டோம், வெளுத்துப் பூடும். மத்தவளுங்களுக்கு என்னா, அப்டியே வுட்டுட்டாளுங்க. எம் பொண்ணு தூக்கம் முழிச்சு செஞ்சதை நான் வுடுவேனா? துணியை நாலா மடிச்சு அது மேல போட்டு ஊக்கு குத்திட்டேன். ஒரு பொட்டு வெயில் படல!"

"போச்சுடா!" என்று ஸுதர்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "ஜானு, அது எதுக்குன்னு இவங்ககிட்ட நாம சொன்னோமா?"

ஜாஹ்னவிக்கு பேட்ஜில் கீறல் விழக்கூடாது என்று மூன்று தடவை சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

கலைவாணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் துணிம்மா?"

"என்னாடி கேள்வி? என்கிட்ட இருந்தது ஒரு துண்டுதானே. தலையில போட்டுக்கறது."

அப்போதுதான் ஜாஹ்னவி அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பற்றுக்குக் கீழே மூக்கும் கன்னமும் கன்றிப்போயிருந்தன. உதடு வெடித்திருந்தது.

"அதான் சீக்கிரம் வந்துட்டீங்களா ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லமா. லேசா கிறுகிறுன்னு வந்துச்சு, வுழுந்துட்டேன். பட்டம்மாதான் தண்ணி தெளிச்சு, இட்டாந்து வுட்டுட்டுப் போனா. கலைகிட்ட சொல்லாதடின்னுட்டேன்."

ஜாஹ்னவி பேட்ஜ் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது.

தையல்நாயகி பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, ஏம்மா அழுவுற? பேட்ஜுக்கு ஒண்ணும் ஆயிடலியே?"