அம்மாவின் கையெழுத்து

"விசேஷ வூட்டுல போயி உரிமை கிரிமைன்னு பேசாத புள்ள," என்றான் மாரப்பன், மனைவி மாதம்மாவிடம்.

"எனக்குச் சேரவேண்டியதத்தான கேக்கறேன்? அம்மாவோட ஒரு கையெழுத்து. கேக்கறப்பல்லாம் அன்பாப் பேசியே அனுப்பிடறாங்க."

மாதம்மா பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். நிச்சயதார்த்தத் தட்டுகளுக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பென்னாகரத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா சிரித்தபடி கேட்டார். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணுங்க?"

"அக்காங்க."

அதைக் கேட்டதும் மணப்பெண்ணின் அம்மா சுகந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. மாதம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"என்னடி கூத்து இது? தொட்டி நெறயப் பாத்திரம் கெடக்குது. சீலைய மாத்திட்டுத் தேய்க்க ஆரம்பி."

"பொண்ணு பாத்திரம் தேய்ப்பாளாங்கம்மா? வூட்டு வேலை செய்யறவங்க நலவாரிய ஃபாரத்துல கையெழுத்து கேட்டா, 'நீ என்ன வேலைக்காரியா, எங்க வூட்டுப் பெரிய பொண்ணு'ங்கறீங்க. ஆறு வருசமா இதேதான். அதான் தங்கச்சி நிச்சயத்துக்கு வூட்டுக்காரரோட வந்திருக்கேன்."

கூடத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "பொண்ணோட அக்கா எங்கங்க? போட்டோவுக்கு வரச் சொல்லுங்க."

சுகந்தி அவசரமாகப் பேனாவைத் தேடினாள். மாதம்மாவே பேனாவையும் ஃபாரத்தையும் எடுத்து நீட்டினாள். கையெழுத்து விழுந்தது.

"இப்பவாச்சும் பாத்திரத்தக் கழுவுடி."

மாதம்மா தாளைப் பத்திரமாக மடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்கம்மா. வேலைக்காரிக்கு லீவு," என்றபடி பந்திக்குப் போனாள்.