பதினோரு விநாடி

அந்தப் பதினோரு விநாடியை அவள் மறுபடியும் ஓடவிட்டாள்.

இயர்போனில் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. அது போதும்.

வீடியோவில் ஹம்சினி. சிவப்பு உடை, பின்னால் புகை. பாட்டு உச்சத்துக்குப் போகிறது. கண்களை மூடுகிறாள். தலையை நிமிர்த்துகிறாள். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறாள்.

கொஞ்சம் முன்னாலேயே நீட்டிவிட்டாள்.

குரல் மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

மேடையின் இடப்பக்கம், கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று அந்தக் குரலைக் கொடுத்தவள், இப்போது மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பகல் ரயிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கீபோர்டு வாசிக்கும் பெனடிக்ட் அண்ணன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஹம்சினி காலை விமானத்திலேயே போயாயிற்று.

ரசிகர் குழுவில் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவளும் ஒருத்தி. பதினோராம் வகுப்பில், அக்காவின் போனில் சேர்ந்தது. பெயர் போடவில்லை. படத்தில் ஓர் அணில்.

விடிந்ததிலிருந்து குழுவில் நேற்றைய கச்சேரிதான்.

‘டேய், நான் அழுதுட்டேன்டா. சத்தியமா. பக்கத்துல நின்ன ஆளு என்னய ஒரு மாதிரியா பாத்தாரு.’ இது டென்னிஸ் என்கிற பையன்.

‘கூட்டத்துல ஒத்தச் செருப்பு போச்சு. இன்னொண்ணையும் அங்கயே விட்டுட்டு வந்தேன். ஹம்ஸுக்காக!’

‘அந்த ஹை நோட்ல மைக்க நம்ம பக்கம் திருப்பிட்டாங்க, கவனிச்சீங்களா? மைக்கே இல்லாம மைதானம் பூரா கேட்டுச்சு! மத்தவளுக எல்லாம் மைக்க முழுங்குற மாதிரில்ல புடிச்சுப் பாடுறாளுக.’ இது குழுவை நடத்தும் ஷர்மி.

இதயங்கள் குவிந்தன.

பிறகு இளம்பரிதி வந்தான். காலேஜில் ரெண்டாம் வருஷம். குழுவில் எல்லோருக்கும் தம்பி.

‘அக்கா, ஒரு டவுட்டு. மைக் வாய்கிட்ட இல்லன்னா ஸ்பீக்கர்ல எப்புடிக்கா வரும்?’

‘வந்துட்டாருய்யா சவுண்ட் இன்ஜினியரு.’

‘எவகிட்ட காசு வாங்குன? உண்மையச் சொல்லு தம்பி.’

‘ஐயோ, நானும் ஹம்ஸு வெறியன்தான். ஆனா அது வேற குரல்ண்ணே. கடைசில லேசா ஒரு நடுக்கம் இருக்கு, கேளுங்க. ஹம்ஸுக்கு அது வராது. பின்னாடி யாரோ பாடிருக்காங்க. யாருன்னு தெரியல. ஆனா என்னா குரல்! காலைலேர்ந்து அத மட்டும்தான் கேட்டுட்டு இருக்கேன்.’

அவள் படித்தாள்.

திரும்பப் படித்தாள்.

அந்த நடுக்கத்தைப் போக்கத்தான் மூன்று வருடமாக விடியலில் எழுந்து சாதகம் செய்கிறாள்.

அந்த மூன்று வருடத்தில் அவள் பாட்டைப் பற்றி அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் ஒலிக்காரர் சொல்வது. ‘லெவல் ஓகே.’

ஷர்மிக்குப் பொறுக்கவில்லை.

‘போதும். நேத்து மேடைக்குப் பக்கத்துல நின்னவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அது ஹம்ஸு குரலா, இல்லையா? இவன் சொல்றது பொய்யின்னா இப்பவே குழுவ விட்டுத் தூக்குறேன்.’

‘ஆமா, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்,’ என்றான் இளம்பரிதி.

அவள் விரல் முந்திக்கொண்டது.

‘நான் பக்கத்துலதான் நின்னேன்.’

அனுப்பிவிட்டாள்.

‘சொல்லு அணிலு!’

‘அணிலு, வாயத் தொற!’

பெனடிக்ட் அண்ணனின் போன் அடித்தது. எழுந்து கதவுப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது இட்லியைத் தொடவில்லை.

“மேனேஜர்ம்மா. அந்த வீடியோவப் பத்தி நம்ம ஆளுங்க யாராவது வாயத் தெறந்தா, சனிக்கிழமை சேலத்துக்கு வேற பொண்ணாம். அதுக்கப்புறமும் அவதானாம்.”

அவள் தலையாட்டினாள்.

‘நான்தான்’ என்று அடித்தாள்.

அழித்தாள்.

‘அது ஹம்ஸு குரல்தான். நான் பாத்தேன்.’

அனுப்பினாள்.

‘அப்புடிப் போடு!’

‘தூக்குக்கா அவன!’

இளம்பரிதி எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

சண்டை போடுவான் என்று நினைத்தாள். போட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

‘ஓ. பக்கத்துல நின்னவங்களே சொல்றீங்க. அப்ப என் காதுதான் சரியில்ல போல. சாரி.’

அடுத்த நொடி அவன் குழுவில் இல்லை.

அத்தோடு விடவில்லை ஷர்மி. அவன் எழுதியவை ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’

அவள் அவசரமாகத் திரையை மேலே தள்ளினாள். அந்த ஒன்று. அதை மட்டுமாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

விரல் போய்ச் சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது.

கீழே டென்னிஸ் வந்திருந்தான்.

‘அணிலு, நீ குடுத்து வெச்சவ. எம்புட்டுப் பக்கத்துல நின்னு கேட்டிருக்க!’

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். கண்ணை மூடி, அவன் எழுதியதை அப்படியே மனதில் வரவழைக்கப் பார்த்தாள். குரலைப் பற்றி என்னவோ நல்லதாகச் சொல்லியிருந்தான். எந்த வார்த்தையில் சொன்னான்?

கடைசியில் லேசா ஒரு நடுக்கம்.

அது மட்டும்தான் ஞாபகம் வந்தது.