மழை ராக்கெட்

மழையை முன்கூட்டியே சொல்லும் செயற்கைக்கோளை ராக்கெட்டில் விண்ணுக்கு ஏற்றிய பொறியாளரை, இரு நாடுகளும் நட்பாயிருந்த காலத்தில் அண்டை நாட்டில் வாழ்க்கைப்பட்ட அக்காவே முதலில் தொலைபேசியில் வாழ்த்தினாள். இப்போது அது பகை நாடு.

"டிவியில பார்த்தேன்டா! இனிமே எங்க ஊர் மழையையும் நீயே சொல்லிடு."

அதே வகை ராக்கெட்டின் தலையில் வெடிகுண்டைப் பொருத்தும்படி அன்று காலையில்தான் பொறியாளருக்கு ஆணை வந்திருந்தது. குறி, அக்கா குடியிருக்கும் நகரம். பேச்சை ஒட்டுக்கேட்கும் காதுகள் வேறு உண்டு.

"அக்கா, அத்தானையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு உடனே இங்க வந்துடு. காரணம் கேக்காதே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல கூத்து! 'உன் தம்பியைக் குடும்பத்தோட இங்க வரச் சொல்லு'ன்னு உங்க அத்தான் நேத்துலேருந்து என் உயிரை வாங்கறார். ஏன்னு கேட்டா, உம்முனு இருக்கார். யார் வீட்டுக்கு யார் வர்றதுன்னு நீங்களே பேசித் தீர்த்துக்குங்க!"

தொலைபேசி அத்தானின் கைக்கு மாறியது. அவர் அந்த நாட்டு மழை ராக்கெட்டின் பொறியாளர்.

"மாப்பிள்ளே, உங்க ஊர்ல பலத்த மழை வரும்" என்றார் அத்தான்.

"உங்க ஊர்லயும்தான், அத்தான்."