வெளியாள் வரக் கூடாது

“கேட்டைத் திறக்க முடியாது, டீச்சர். ராணுவம் தங்கியிருக்கிற கட்டடத்துக்குள்ள வெளியாள் வரக் கூடாது. சட்டம்.”

கொட்டுகிற மழையில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார் மேஜர்.

தலைமையாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரசாங்க உத்தரவு என்றதும், போன மாதம் பள்ளிக்கூடச் சாவியைத் தன் கையாலேயே இவரிடம் கொடுத்தவள் அவள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆறு உடைத்துக்கொண்டு தெருவெல்லாம் வெள்ளம். மேடும் கூரையும் சேர்ந்து இருந்தது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான். பின்னால் தள்ளுவண்டியில் அவளுடைய நிறைமாத மருமகள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்கும் பின்னால் தெருவே திரண்டு நின்றது.

“நான் பாடம் நடத்தின கட்டடம் இது. நானா வெளியாள்?”

“இப்போதைக்கு ஆமா. உள்ள வெடிமருந்து இருக்கு.”

“என் மருமகளுக்கு வலி எடுத்திருச்சு சார்.”

மேஜர் வண்டியை ஒரு தரம் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

“கல்லுல நார் உரிக்க முடியுமாம்மா? வேற இடம் பார்ப்போம்” என்றான் மகன்.

வேறு எங்கே? தண்ணீர் வண்டிச் சக்கரத்தில் பாதிக்கு ஏறிவிட்டது. இனி நேரமில்லை என்றாள், கூட வந்த பக்கத்து வீட்டு நர்ஸ்.

உள்ளே விசில் ஒலித்தது. பூட்ஸ் கால்கள் ஓடின. பெஞ்சுகள் தரையில் உராய்ந்து இழுபட்டன. கேட்டை உடைத்துவிடுவோம் என்று பயந்து முட்டுக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

“நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தவனா?” என்று கத்தியே விட்டாள்.

கேட் திறந்தது.

தார்ப்பாய் மூடிய லாரிகள் வெளியே வந்து பாலத்துப் பக்கம் போயின. பின்னாலேயே சிப்பாய்கள், படுக்கைச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். கடைசி ஆள், ‘வெளியாள் வரக் கூடாது’ என்ற பலகையைக் கழற்றி, தள்ளுவண்டி ஏறுவதற்குத் தோதாக வாசல் பள்ளத்தில் போட்டான்.

மேஜர் சாவியை அவள் கையில் வைத்தார்.

“முதல் வகுப்பறையில பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டில் போட்டிருக்கோம். சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க.”

அவள் தண்ணீரில் நடந்துபோகிற சிப்பாய்களைத் திரும்பிப் பார்த்தாள். “இந்த மழையில நீங்க எல்லாம்…?”

“பாலத்து மேல நின்னுக்கறோம். சட்டத்தை மீற முடியாதே டீச்சர். நீங்க உள்ள வரணும்னா, நாங்க வெளிய போயாகணும்.”